ரீபில்ட் டைட்டில் கேம்ரி, 9,800 டாலர்: வாங்கலாமா?

இர்விங்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஓபிடியில் (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்கும் அனுமதி) வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், ஆபீஸ் பிளேனோவில். இதுவரை ரூம்மேட் வண்டியில் போய் வந்தேன். அவன் அடுத்த மாதம் ஆஸ்டினுக்கு மாறுகிறான், அதனால் எனக்கென்று ஒரு கார் வாங்கியே ஆகவேண்டும். கையில் பத்தாயிரம் டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். கடன் வாங்கும் எண்ணம் இல்லை. ஊரில் வாங்கிய எஜுகேஷன் லோனே இன்னும் அடைபடவில்லை.

பழைய கார் விற்கும் ஒரு சின்ன லாட்டில் 2018 டொயோட்டா கேம்ரி எல்இ பார்த்தேன். 81,000 மைல் ஓடியிருக்கிறது. விலை 9,800. இதே வருடம், இதே மைலில் கிளீன் டைட்டில் வண்டி (உரிமைப் பத்திரத்தில் சேத முத்திரை இல்லாதது) நான் தேடிய வரை 15,000-க்குக் கீழே கிடைக்கவில்லை. காரணம் கேட்டால், டைட்டிலில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று இருக்கிறதாம். "இங்கேயே ஆலங்கட்டி மழையில் பானெட்டும் கூரையும் குழி குழியாகிவிட்டது, சரிசெய்தால் கட்டாது என்று இன்சூரன்ஸில் டோட்டல் செய்துவிட்டார்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் விற்பவர். ஓட்டிப் பார்த்தேன். ஹைவேயில் 70-இல் போனாலும் ஸ்டியரிங் ஆடவில்லை, ஏசி நன்றாக இருக்கிறது, பெயிண்ட் பளபளக்கிறது.

ஐயாயிரம் டாலர் எனக்குப் பெரிய தொகை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் 500 டாலர் அட்வான்ஸ் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறார்.

ராலே_செந்தில்

வேண்டாம் தம்பி. முதலில் அந்த 500-ஐக் கொடுக்காதே. உன் பட்ஜெட்டுக்குக் கிளீன் டைட்டிலில் பழைய கொரோலா கிடைக்கும். வருடம் குறைந்தால் குறையட்டும்.

ஹூஸ்டன்_கணேஷ்

செந்தில் அண்ணா, ஒரே வரியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். நான் ஓட்டுவதே ரீபில்ட் டைட்டில் கொரோலாதான். வேறு மாநிலத்தில் திருடுபோன வண்டி. உரிமையாளருக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்து முடித்த பிறகு கிடைத்திருக்கிறது. நான்கு சக்கரம், முன் சீட்டுகள், கேடலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி எங்கும் இடிபடவில்லை. ஏலத்தில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, அதில் ஏர்பேக் எல்லாம் அப்படியே இருக்கிறது. இதுவரை டயர், பிரேக், ஆயில் செலவைத் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை.

தம்பிக்கு அடிப்படை விஷயம்: சால்வேஜ் வேறு, ரீபில்ட் வேறு. பலத்த சேதமான வண்டிக்குப் போடுவது சால்வேஜ் டைட்டில், அந்த வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது. அதைச் சரிசெய்து, டெக்சாஸில் விடிஆர்-61 என்ற படிவத்தில் என்னென்ன வேலை செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் ரீபில்ட் ஆகிறது. இதுபோக 'நான்ரிப்பேரபிள்' என்று ஒன்று இருக்கிறது. அது பாகங்களுக்கு மட்டும்தான், எந்தக் காலத்திலும் ரோட்டுக்கு வரமுடியாது.

என்ன டைட்டில் என்பதோடு நிறுத்தாதே. வண்டிக்கு என்ன ஆனது என்று கேள். வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) இருக்கிறதா?

பாடிஷாப்_மணி

நான் நியூஜெர்சியில் ஒரு பாடி ஷாப்பில் எஸ்டிமேட் போடுகிறவன். கோயம்புத்தூரில் டிங்கரிங் பட்டறையில் தொடங்கிய கை. கணேஷ் சொன்னதில் ஒரு வரியை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ரீபில்ட் என்ற முத்திரையைப் பார்த்ததும், யாரோ அரசாங்க ஆள் வந்து வண்டியைச் சோதித்துச் 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு சோதனை உண்டு. ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது திருட்டுப் பாகம் போட்டிருக்கிறதா என்பதைத்தான். வேலை ஒழுங்காக நடந்ததா என்பதை அல்ல. டெக்சாஸில் கணேஷ் சொன்ன அந்தப் படிவம்தான். அதை நிரப்புவது வண்டியைச் சரிசெய்தவரே. போதாக்குறைக்கு, 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையையும் டெக்சாஸ் எடுத்துவிட்டது. டல்லாஸ் மாதிரி சில கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. ஆக, வண்டியின் எலும்பை, அதாவது உள்ளே இருக்கும் ஃப்ரேமை, யாரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பார்க்கவேண்டிய ஆள் நீங்கள்தான்.

"ஆலங்கட்டிதானே" என்று எளிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் டல்லாஸிலேயே நடந்த வழக்கு ஒன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2010 ஹோண்டா ஃபிட். ஆலங்கட்டியில் கூரை கெட்டுப்போய், ஒரு ஷாப்பில் புதுக் கூரை போட்டார்கள். ஹோண்டா வெல்டிங் செய்யச் சொல்கிறது. அவர்கள் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அது தெரியாமல் ஒரு தம்பதி அந்த வண்டியைப் பழைய வண்டியாக வாங்கினார்கள். 2013 டிசம்பரில் விபத்து. கூரை பிரிந்து, வண்டி நசுங்கி, தீப்பற்றி, இரண்டு பேருக்கும் பலத்த காயம். 2017-இல் ஜூரி 4.2 கோடி டாலர் நஷ்டம் என்று முடிவு செய்து, அதில் முக்கால் பங்கை ஷாப்பின் தலையில் வைத்தது. குழியை நிமிர்த்தினார்களா, கூரையையே மாற்றினார்களா என்று கேளுங்கள். நிமிர்த்தியிருந்தால் பயமில்லை. மாற்றியிருந்தால் எப்படி மாற்றினார்கள் என்று தெரியாமல் தொடாதீர்கள்.

கிளெய்ம்_வித்யா

இன்சூரன்ஸில் ஆட்டோ கிளெய்ம் பார்க்கிறேன். எனக்கு முதலில் உறுத்தியது அந்த ஆலங்கட்டிக் கதைதான்.

டெக்சாஸ் சட்டத்தில், ஆலங்கட்டிச் சேதத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் பணம் கொடுத்த வண்டி சால்வேஜ் கணக்கிலேயே வராது. திருட்டுக் கிளெய்மும் அப்படித்தான், திருடியவன் வண்டியைப் பெரிதாக உடைத்திருந்தால் ஒழிய. அதனால் "இங்கே டெக்சாஸில் ஆலங்கட்டி அடித்தது, அதனால்தான் சால்வேஜ்" என்று ஒருவர் சொன்னால் நான் உடனே அடுத்த கேள்வி கேட்பேன். வேறு மாநிலத்தில் முத்திரை விழுந்து இங்கே வந்திருக்கலாம், அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி தானாகவே சால்வேஜ் டைட்டில் எடுத்திருக்கலாம். அப்படியென்றால் காகிதத்தில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாநிலத்துக்கு மாநிலம் அளவுகோல் வேறு. உங்கள் பக்கத்து ஒக்லஹோமாவில் ரிப்பேர் செலவு வண்டி மதிப்பில் 60 சதவீதத்தை எட்டினால் சால்வேஜ். நியூயார்க்கில் 75, ஃபுளோரிடாவில் 80. டெக்சாஸில் 100, அதுவும் பெயிண்ட் செலவைக் கழித்துவிட்டு! 15,000 டாலர் வண்டிக்கு டெக்சாஸில் இந்த முத்திரை விழுந்திருக்கிறது என்றால், பெயிண்ட் போக மற்ற வேலைக்கே 15,000-க்கு மேல் எஸ்டிமேட் வந்திருக்க வேண்டும். அது சின்ன அடி இல்லை.

இதே கணக்கை வைத்து எங்கள் ஆபீஸில் ஒன்று சொல்வோம்: வண்டி எவ்வளவு புதுசோ, சால்வேஜ் முத்திரை அவ்வளவு மோசம். 4,000 டாலர்கூடத் தேறாத 2006 கேம்ரிக்கு ஒரு பம்பர், ஒரு ஹெட்லைட், ஒரு ஃபெண்டர், இரண்டு ஏர்பேக் போனாலே டோட்டல். மூன்று வயது வண்டி டோட்டல் ஆகவேண்டும் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள், "புது வண்டி, நல்லாத்தான் இருக்கும்" என்று.

என்ன செய்யலாம்: என்ஐசிபி (இன்சூரன்ஸ் மோசடி, வண்டித் திருட்டைக் கவனிக்கும் அமைப்பு) தளத்தில் வின்செக் இலவசம், அதில் திருட்டும் டோட்டல் லாஸும் தெரியும். அப்புறம் என்எம்விடிஐஎஸ் (டைட்டில் விவரங்களின் தேசியப் பதிவேடு) ரிப்போர்ட், பத்து டாலருக்குள் முடிந்துவிடும். எந்த மாநிலத்தில் எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது என்று வரும். கார்ஃபாக்ஸ் என்ற தனியார் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 17 எழுத்து வின்னை அப்படியே கூகுளில் போடுங்கள். இன்சூரன்ஸ் ஏலத்துக்குப் போன வண்டியென்றால் பெரும்பாலும் அடிபட்ட நிலையில் எடுத்த படங்கள் எங்காவது கிடைக்கும்.

பிளேனோ_அம்மா

என் வீட்டுக்காரரும் இப்படி ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: இதில் குழந்தையின் கார் சீட்டை வைத்து 635 ஹைவேயில் போவீர்களா? அவர் பதில் சொல்லவில்லை, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. தம்பி தனியாள்தான், ஆனாலும் ஊரில் அம்மா அப்பா இருப்பார்களே. வித்யா சொன்னபடி வின்னைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதப்பா.

இர்விங்_புதுசு

வித்யா அக்கா, மிக்க நன்றி. வின்னைப் போட்டதும் ஏலப் படங்கள் வந்தன. போன வருடத்து ஏலம். 'முதன்மைச் சேதம்: முன்பக்கம்' என்று போட்டிருக்கிறது. ஆலங்கட்டி என்ற வார்த்தையே எங்கும் இல்லை. என்எம்விடிஐஎஸ்ஸில் பார்த்தால் முத்திரை விழுந்ததும் டெக்சாஸில்தான். ஓடோமீட்டர் அப்போது 79,400. பத்துப் படம் இருக்கிறது, கீழே போட்டிருக்கிறேன். மணி அண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். விற்பவரிடம் இதைக் காட்டிக் கேட்டதற்கு, "ஆமாம், முன்னால் லேசாக ஒரு தட்டு, அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்" என்கிறார்.

பாடிஷாப்_மணி

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேசான தட்டு இல்லை.

மூன்றாவது படத்தைப் பாருங்கள். இடது முன்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தை விட்டுப் பின்னால் வந்து, கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பம்பர் மட்டும் இடிபட்டால் சக்கரம் அங்கே போகாது. சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம், நக்கிள், சப்ஃப்ரேம் எல்லாம் போயிருக்கும். அந்த விசை அதற்குப் பின்னால் உள்ள, எலும்பின் பாகங்களான ரெயிலுக்கும் ஏப்ரனுக்கும் போகாமல் இருக்காது. ஏழாவது படத்தில் ஓட்டுநர் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள சந்து மேலே விரல் நுழையும் அளவு அகலம், கீழே வந்தால் மூடியே போயிருக்கிறது. கதவு தொங்கும் தூணே நகர்ந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். ஒன்பதாவது படத்தில் ஸ்டியரிங் ஏர்பேக், முழங்கால் ஏர்பேக், இடப்பக்க ஜன்னலை மறைக்கும் கர்ட்டன் ஏர்பேக் மூன்றும் வெடித்துத் தொங்குகின்றன.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். ஒழுங்கான ஷாப்பில் இதற்கு எஸ்டிமேட் வண்டி மதிப்பைத் தாண்டியது, அதனால்தான் டோட்டல். ஏலத்தில் இந்த நிலையில் ஒரு கேம்ரியை நாலாயிரம், ஐயாயிரத்துக்கு எடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக் கட்டணம், டோயிங் வேறு. விற்கும் விலை 9,800. லாபமும் வேண்டும். அப்படியானால் ரிப்பேருக்கு மிஞ்சுவது இரண்டாயிரம், மூன்றாயிரம். பதினைந்தாயிரத்து வேலையை மூவாயிரத்தில் முடிக்கும்போது எதை விட்டார்கள்? கண்ணுக்குத் தெரியும் பம்பர், ஹெட்லைட், பெயிண்ட் இவற்றை விடமுடியாது. விடுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.

ஹூஸ்டன்_கணேஷ்

மணி அண்ணா, இந்த வண்டி வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கு எல்லா ரீபில்ட் வண்டிக்கும் பொருந்தாது. இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டில் புதுப் பாகத்தின் விலையும், மணிக்கு இவ்வளவு என்று கூலியும் இருக்கும். ரீபில்டர் ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம்) அதே நிறக் கதவைக் கால் விலைக்கு எடுத்து, கூலி இல்லாமல் தானே மாட்டுவார். நேர்மையாகச் செய்தாலும் பாதிச் செலவில் முடிக்க முடியும். எனக்குத் தெரிந்து அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைக்கிறார்கள்.

பாடிஷாப்_மணி

ஒப்புக்கொள்கிறேன் கணேஷ். கதவு, ஃபெண்டர், பானெட், சீட் இவற்றில் ஜங்க்யார்டு பாகம் போடுவதில் தப்பே இல்லை, நாங்களும் போடுகிறோம். நான் பயப்படுவது இரண்டு இடத்தில்: எலும்பு, ஏர்பேக்.

எலும்பை அளந்து பார்க்காமல் நிமிர்த்தினோம் என்று சொல்ல முடியாது. அளந்தால் பிரிண்ட் அவுட் வரும். "ஃப்ரேம் மெஷின் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று கேளுங்கள், முகம் மாறுவது தெரியும்.

ஏர்பேக் விஷயம் அதைவிட மோசம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு என்எச்டிஎஸ்ஏ, 2024 ஜூலையில் ஒரு எச்சரிக்கை விட்டது. விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டிகளில் மலிவான, தரமில்லாத இன்ஃப்ளேட்டர்களை (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மட்டும் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேருக்கு வாழ்க்கையையே மாற்றும் காயம். பிழைத்து எழுந்திருக்கக்கூடிய விபத்து, ஏர்பேக்கே உலோகத் துண்டுகளைக் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சியிருக்கிறது. சிலர் அந்த மலிவு ஏர்பேக்கைக்கூடப் போடுவதில்லை. வெறும் மூடியை ஒட்டிவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் செருகிவிடுவார்கள். டேஷ்போர்டில் விளக்கு வராது, ஏர்பேக்கும் வராது.

தம்பி, மறுபடி போகிற எண்ணம் இருந்தால் இவற்றைப் பார். சாவியைத் திருப்பியதும் எஸ்ஆர்எஸ் என்ற ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். சீட் பெல்ட்டை அடி வரை இழுத்தால் ஒரு லேபிள் இருக்கும், அதில் தயாரித்த தேதி இருக்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் வண்டி தயாரித்த மாதத்தோடு ஒப்பிடு. ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, பானெட்டுக்குள் ஓரத்தில் பூசிய சீலன்ட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா பார். கம்பெனியில் பூசியது ஒரே சீராக இருக்கும், கையால் பூசியது மேடும் பள்ளமுமாக இருக்கும். 2018 கேம்ரி எல்லாவற்றிலும் முன் லோகோவுக்குப் பின்னால் ரேடார், கண்ணாடியில் கேமரா உண்டு. இப்படி அடிவாங்கிய பிறகு அவற்றை மறுபடி அளவு வைக்க வேண்டும். வைத்தார்களா, பில் எங்கே?

பே_ஏரியா_ரகு

இடையில் ஒரு கேள்வி. வீக்எண்டில் ஊபர் ஓட்டுவதற்காக ரீபில்ட் பிரியஸ் பார்க்கிறேன் (கிரீன் கார்டு வந்துவிட்டது). அதற்குப் பரவாயில்லையா?

கிளெய்ம்_வித்யா

ரகு, ஊபரும் லிஃப்டும் ரீபில்ட் டைட்டில் வண்டியைச் சேர்ப்பதில்லை. அதற்காகவென்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ராலே_செந்தில்

வாங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், விற்பதையும் யோசிக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். எச்1பி வேலை விசாவில் இருந்து வேலை போனால் கிடைப்பது 60 நாள் அவகாசம். ஓபிடியில் வேலையில்லாமல் இருக்கலாம் என்பதே மொத்தம் 90 நாள். அந்த நேரத்தில் அபார்ட்மெண்ட் லீஸ், சாமான், பேங்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு காரையும் தள்ள வேண்டும். கிளீன் டைட்டில் கொரோலா என்றால் பெரிய டீலரிடம் ஓட்டிக்கொண்டு போனால் அன்றே செக் வாங்கிக்கொண்டு வரலாம். ரீபில்ட் என்றால் பல டீலர்கள் விலையே சொல்ல மாட்டார்கள். தனியாளிடம்தான் விற்க வேண்டும். வருகிறவன், நீ இப்போது கேட்கும் இத்தனை கேள்வியையும் உன்னிடம் கேட்பான். வாங்கும்போது குறைந்த அந்த ஐயாயிரம், விற்கும்போது உன்னிடமிருந்தும் குறையும். அது மிச்சம் இல்லை தம்பி.

என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டான். லே ஆஃப் ஆனதும் அவன் ரீபில்ட் சிவிக்கை ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

ஹூஸ்டன்_கணேஷ்

இது நியாயமான பேச்சு. நான் என் வண்டியை விற்பதற்காக வாங்கவில்லை, ஓடும் வரை ஓட்டுவதற்காக வாங்கினேன். எனக்கு இங்கே வீடு, குடும்பம் எல்லாம் நிலைத்துவிட்டது. ஓபிடியில் இருக்கும் பையனின் கணக்கு வேறு.

நான் ரீபில்ட் பார்ப்பதென்றால் இப்படித்தான் பார்ப்பேன்: அடிபட்டபோது எடுத்த படம் வேண்டும், அதில் ஏர்பேக் எதுவும் வெடித்திருக்கக் கூடாது, சக்கரம் நேராக இருக்க வேண்டும், தண்ணீரில் மூழ்கியிருக்கக் கூடாது. முக்கியமாக, சரிசெய்த பிறகு ஒருவர் அதைத் தன் சொந்த வண்டியாக இருபது, முப்பதாயிரம் மைலாவது ஓட்டியிருக்க வேண்டும். தம்பி பார்த்த வண்டி ஏலத்துக்குப் பிறகு 1,600 மைல்தான் ஓடியிருக்கிறது. அதில் என்ன குறை இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரிய வாய்ப்பே வரவில்லை.

வெள்ளத்து வண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஹூஸ்டன்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஆகஸ்ட் ஹார்வி புயலில் இங்கே லட்சக்கணக்கான கார்கள் மூழ்கின. கடைசியில் அவற்றில் எத்தனையோ வண்டி வேறு மாநிலங்களில் போய் விற்பனைக்கு நின்றது. லயபிலிட்டி (அடுத்தவருக்கு நாம் உண்டாக்கும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ்) மட்டும் வைத்திருந்தவர்களின் வண்டிக்குக் கிளெய்மே இல்லை, அதனால் முத்திரையும் இல்லை. கிளீன் டைட்டில் என்று இருந்தாலும் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், ஸ்டெப்னிக்குக் கீழே கை விடுங்கள், சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். உள்ளே வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் கிளம்பிவிடுங்கள். வெள்ளம் புகுந்த வண்டியில் ஒயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக நிற்கும். மெக்கானிக்கும் கண்டுபிடிக்க முடியாது. இடித்த வண்டியையாவது யோசிக்கலாம், இதை யோசிக்கவே வேண்டாம்.

இர்விங்_புதுசு

இன்சூரன்ஸ் எப்படி? கேட்ட இரண்டு இடத்தில் ஒரு இடத்தில் லயபிலிட்டி மட்டும்தான் தருவோம் என்றார்கள்.

கிளெய்ம்_வித்யா

அது சாதாரணம். நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான கொலிஷன் (மோதல்), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, ஆலங்கட்டி போன்றவை) இரண்டையும் சில கம்பெனிகள் தருவதில்லை. சிலர் தருவார்கள், ஆனால் நாளைக்கு வண்டி போனால் கிளீன் டைட்டில் விலையில் கணக்குப் போட மாட்டார்கள். ரீபில்ட் என்பதற்காக 20 முதல் 40 சதவீதம் வரை கழித்துத்தான் பார்ப்பார்கள். ப்ரீமியம் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. லயபிலிட்டி மட்டும் எடுத்தால், தப்பு உங்களுடையது என்ற விபத்தில் உங்கள் 9,800-உம் போச்சு. கையில் இருக்கும் மொத்தச் சேமிப்பையும் அதில் போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று: எந்த வண்டி வாங்கினாலும் டெக்சாஸின் குறைந்தபட்ச 30/60/25-ஐ நம்பாதீர்கள். 30-உம் 60-உம் அடுத்தவர் காயத்துக்கு, ஆயிரம் டாலர் கணக்கில். 25 என்றால் அடுத்தவர் சொத்துக்கு 25,000 டாலர் வரைதான். டல்லாஸ் ரோட்டில் ஒரு பிக்கப்பைத் தட்டினாலே தாண்டிவிடும். இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உதவும் அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் கவரேஜையும் கட்டாயம் சேருங்கள்.

இர்விங்_புதுசு

மணி அண்ணா, நேற்று சாயங்காலம் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னதை எல்லாம் பார்த்தேன்.

எஸ்ஆர்எஸ் விளக்கு எரிந்து அணைந்தது. கதவு ஸ்டிக்கரில் 11/17 என்று இருக்கிறது. ஓட்டுநர் பெல்ட் லேபிளில் 2020. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வலப்பக்கம் சீலன்ட் ஒரே கோடாகப் போகிறது, இடப்பக்கம் தூரிகையால் பூசிய மாதிரி இருக்கிறது, அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். இடது முன் டயர் மற்ற மூன்றைவிடப் புதுசு. ஃப்ரேம் ரிப்போர்ட் கேட்டேன், இல்லை. பாகங்கள் வாங்கிய ரசீது கேட்டேன், இல்லை. பக்கத்தில் ஒரு பாடி ஷாப்புக்கு எடுத்துப்போய் என் செலவில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன். "வாங்குகிறவன் இப்படி எல்லாம் கேட்கமாட்டான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிளம்பும்போது 8,900-க்குத் தருகிறேன் என்று மெசேஜ் வந்தது.

பாடிஷாப்_மணி

2020 பெல்ட் என்றால் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது. மாற்றியதே நல்லதுதான், விபத்தில் ஒருமுறை இறுக்கி வேலை முடிந்த பெல்ட்டை அப்படியே விடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஏர்பேக், பெல்ட் விஷயத்தில் கழற்றிய பாகத்தைப் போடுவதைத் தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. பெல்ட் ஜங்க்யார்டிலிருந்து வந்திருக்கிறது என்றால் அந்த ஏர்பேக்குகள் எங்கிருந்து வந்தன? இடப்பக்க சீலன்ட் சொல்வது, ஏப்ரனைக் கழற்றியோ வெட்டியோ வேலை செய்திருக்கிறார்கள் என்பதை. ஒருவேளை அந்த வெல்டிங் நன்றாகவே இருக்கலாம். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்றதும் அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

8,900 இல்லை, 6,000-க்கு வந்தாலும் இந்த வண்டியை விடு. அடுத்த விபத்தில் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாத வண்டிக்கு விலை பேசக் கூடாது.

பிளேனோ_அம்மா

விட்டுவிடுப்பா. நல்ல வண்டி கிடைக்கும் வரைக்கும் பிளேனோவுக்கு டார்ட் ரயிலின் ரெட் லைன் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் பக்கமென்றால் ஒரு மாதம் சமாளித்துவிடலாம், அவசரத்தில் வாங்காதே.

இர்விங்_புதுசு

விட்டுவிட்டேன் அக்கா. அட்வான்ஸும் கொடுக்கவில்லை.

இப்போது கேரல்டனில் ஒருவர் 2013 கொரோலா விற்கிறார். கிளீன் டைட்டில், ஒரே உரிமையாளர், 1,24,000 மைல், 8,200 கேட்கிறார். என்எம்விடிஐஎஸ் எடுத்துவிட்டேன், முத்திரை எதுவும் இல்லை. வின்னைக் கூகுளில் போட்டாலும் ஏலப் படம் எதுவும் வரவில்லை. சர்வீஸ் ரசீதுகள் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். பின் பம்பரில் ஒரு கீறல், அதை அவரே காட்டினார். மெக்கானிக்கிடம் எடுத்துப்போகச் சம்மதித்துவிட்டார், நாளைக் காலை பார்க்கிறோம். மெக்கானிக் 180 டாலர் கேட்கிறார், அதிகமா?

ஹூஸ்டன்_கணேஷ்

180 சரியான விலைதான், கொடு. கிளீன் டைட்டில் என்பதற்காகச் சோதனையைக் குறைத்துவிடாதே, பெல்ட்டும் ஸ்டெப்னியும் இதிலும் பார். வாட்டர் பம்ப் பக்கம் இளஞ்சிவப்புக் கறை காய்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல். இருந்தால் கூலண்ட் கசிகிறது, அதை வைத்து 300 குறைக்கலாம்.

கிளெய்ம்_வித்யா

மெக்கானிக் சரி என்றால், பணம் கொடுக்கும் அன்றே விற்பவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி டாக்ஸ் ஆபீசுக்குப் போய்விடுங்கள். டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றும் 130-யு படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டைட்டிலுக்குப் பின்னால் அவர் கையெழுத்தும் ஓடோமீட்டர் எண்ணும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். டைட்டிலில் லோன் கொடுத்தவர் பெயர் இருந்தால் ரிலீஸ் கடிதம் இல்லாமல் பணம் தராதீர்கள். 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அன்றே முடித்துவிட்டால் பிறகு அவரைத் தேடி அலைய வேண்டாம். இன்சூரன்ஸை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள், அது இல்லாமல் லாட்டை விட்டோ வீட்டை விட்டோ வண்டியை எடுக்காதீர்கள்.

இர்விங்_புதுசு

குறித்துக்கொண்டேன் அக்கா. லியன் (வண்டிமேல் கடன் பிடி) எதுவும் இல்லை, டைட்டிலை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நாளை மெக்கானிக் என்ன சொல்கிறார் என்று இங்கேயே போடுகிறேன்.